உஷார்! பச்சை விளக்கு எரிகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்

உங்கள் கடையின் பின்னறையில் ஒரு இரும்புப் பெட்டி உர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறதா? பழைய காலண்டர், காலி அரிசிப் பை, துடைப்பம் இவற்றுக்கு நடுவே? அதன் முதுகில் ஒரு கார்டு செருகியிருக்கிறதா? அந்தக் கார்டில் பச்சை விளக்கு எரிகிறதா?

எரிகிறது என்றால் இன்றைக்கே இதைப் படியுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட், ஹார்வின் தெருக்களின் சுற்றுவட்டாரத்துக்கு 2010-ல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸைத் தேட வேண்டாம். சேலைக் கடை, நகைக் கடை, பருப்பு மூட்டை, இனிப்புக் கடை, டிராவல்ஸ், பல் டாக்டர், வரிக்கணக்கு ஆபீஸ். அவ்வளவுதான் மாவட்டம். ஆனால் பல வாசல்களுக்குப் பின்னால் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கு, "நம்ம பையன்தான் பாத்துக்கிறான்" என்று ஒரு பையனும் இருக்கிறான். வாரநாளில் பெரிய கம்பெனி வேலை. சனிக்கிழமை இங்கே வருவான், ஒரு டீ குடிப்பான், கார்டை மாற்றுவான், போவான்.

அந்தப் பையன்களுக்கும் அவர்களை நம்பியிருக்கும் கடைக்காரர்களுக்கும்தான் எழுதுகிறேன். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன்.

(இடையில் ஒரு வார்த்தை. ஹெச்-1பி விசாவில் இருந்துகொண்டு இந்த மாதிரி சனிக்கிழமை வேலைக்குக் கை நீட்டிக் காசு வாங்கினால், கார்டு எரிவதற்கு முன்னால் உங்கள் விசா எரியும். உங்களுக்காக விசா மனு போட்ட கம்பெனியைத் தவிர வேறு இடத்தில் சம்பாதிக்க அந்த விசாவில் அனுமதி கிடையாது. அக்கா சொன்னாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

ஒரு வரிக்கணக்கு ஆபீஸ். மார்ச் மாதம். ஏப்ரல் 15 நெருங்க நெருங்க அந்த ஆபீஸில் உட்கார நாற்காலி இருக்காது. ஒரு ராத்திரி இடியும் மின்னலுமாக மழை. காலையில் வந்து பார்த்தால் போன் எதிலும் சத்தமில்லை. பின்னறையில் லேசாகக் கருகல் வாசனை. பின்னறைப் பெட்டியின், அதாவது ரவுட்டரின், டி-1 கார்டு போய்விட்டது.

டி-1 என்றால் தெரியாதவர்களுக்கு: போன் கம்பெனியிலிருந்து வரும் ஒரே இணைப்பு, அதற்குள் 24 தடம். 23 தடத்தில் பேச்சு போகும். மிச்சம் ஒன்றில், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற தகவல் போகும். பழைய ஏற்பாடுதான். அதனால் என்ன, ஓடுகிறவரைக்கும் ஓடட்டும் என்று விட்டு வைத்திருக்கும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன.

நம்ம பையனைக் கூப்பிட்டார்கள். நல்ல பையன். சென்னையில் டேட்டா சென்டரில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். நம்பகமான கடையில் கார்டின் விலையைக் கேட்டான். கேட்டதும் முதலாளி முகம் சுருங்கியது. ஆன்லைனில் தேடினான். அதே கார்டு, கால்வாசி விலை, 'புத்தம் புதிது, சீல் உடைக்காதது'. ஒன்றுக்கு இரண்டாக வாங்கினான், ஒன்று கையிருப்புக்கு.

முதல் தப்பு அங்கே.

பழைய கார்டு இருந்த ஸ்லாட்டில் உள்ளே கறுத்திருந்தது. சரி என்று பக்கத்து ஸ்லாட்டில் செருகினான்.

இரண்டாவது தப்புக்கு விதை அங்கே.

இந்த வகைக் கார்டு அமெரிக்க டி-1-க்கும் பொருந்தும், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் இ-1-க்கும் பொருந்தும். எது வேண்டும் என்று நாம்தான் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். 'கார்டு டைப்' என்று ஒரு கட்டளை. அதைக் கொடுக்காதவரை பெட்டி அந்தக் கார்டு இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இவன் கொடுத்தான். ஆனால் சென்னைக் கை. இ-1 என்று அடித்துவிட்டது! டி-1 விநாடிக்கு 1.544 மெகாபிட், இ-1 2.048 மெகாபிட். ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. சிவப்பு விளக்கு. ஒரு மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். கடைசியில் கண்டுபிடித்து, வரியை அழித்து, பெட்டியையே திரும்பத் தொடக்கி, டி-1 என்று கொடுத்ததும் பச்சை எரிந்தது. மேசைப் போனிலிருந்து தன் செல்லுக்கு அடித்தான். மணி அடித்தது. செல்லிலிருந்து ஆபீஸுக்கு அடித்தான். அடித்தது. கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர், சர்க்கரை வியாதி, காலையில் சாப்பிடவில்லை. வரவேற்பில் இருந்த பெண் மேசைப் போனை எடுத்து 911 அழுத்தினாள்.

டிட் டிட் டிட் டிட்.

மறுபடி அழுத்தினாள். அதே சத்தம். முன்னால் 9 சேர்த்து அழுத்தினாள். அதே சத்தம்.

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா செல்போனை எடுத்துப் பேசியதால் ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவர் பிழைத்தார். அந்த வரவேற்புப் பெண் மட்டும் அப்புறம் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

அன்று ராத்திரி பையன் என்னைக் கூப்பிட்டான். குரல் நடுங்கியது. "அக்கா, நான் எல்லாம் டெஸ்ட் பண்ணினேன்க்கா. கால் போச்சு, வந்துச்சு. நைன் ஒன் ஒன் மட்டும் எப்படிக்கா…"

எப்படி என்றால் இப்படி. பெட்டி தன் கதவுகளுக்கு இடத்தை வைத்துத்தான் பெயர் வைக்கும். பழைய கார்டு இருந்த கதவின் பெயர் 0/0/0:23. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றியதும் பெயர் 0/1/0:23. கார்டு அதேதான், பெயர் வேறு. எந்த எண்ணை அழுத்தினால் எந்தக் கதவு வழியாக வெளியே அனுப்ப வேண்டும் என்று பெட்டிக்குள் எழுதி வைத்திருப்பார்கள். 'டயல் பியர்' என்பார்கள். உள்ளூர் அழைப்புக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, இலவச எண்களுக்கு ஒன்று, 911-க்குத் தனியாக ஒன்று. பையன் முதல் மூன்றையும் புதுக் கதவுக்கு மாற்றிவிட்டான். 911-க்கு எழுதிய வரி பட்டியலில் கீழே, வேறொரு இடத்தில் இருந்தது. அது இல்லாத கதவையே காட்டிக்கொண்டு மூன்று வாரம் நின்றது.

பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது!

இது நம் டெக்சாஸுக்கு ரத்தம் சிந்திக் கிடைத்த பாடம். 2013 டிசம்பரில், கிழக்கு டெக்சாஸில் மார்ஷல் என்ற ஊரில், ஒரு மோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண்ணைப் பிரிந்து வாழ்ந்த கணவன் கொன்றான். பக்கத்தில் இருந்த 9 வயது மகள் அறை போனில் 911 அழுத்தினாள். ஒருமுறை இல்லை, நாலு முறை. வெளியே பேச முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. போன் அமைப்பில் ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் அழைப்பு நின்றுபோனது. அதன்பிறகு 2015-ல் டெக்சாஸிலும் 2018-ல் நாடு முழுவதற்கும் கேரி சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவும் பல-லைன் போன் அமைப்பு எதுவானாலும், முன்னால் எதுவும் சேர்க்காமல் 911 நேராகப் போக வேண்டும். அழைத்த தகவல் அங்கேயே முன்மேசைக்கோ பொறுப்பாளருக்கோ போக வேண்டும்.

மோட்டல் வைத்திருக்கிற நம்மவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். கார்டை மாற்றினால் 911 வரியைப் பார்க்காமல் பையனை வாசல் தாண்ட விடாதீர்கள். "செக் பண்ணிட்டேன்" என்றால் போதாது. உங்கள் ஊர் அவசர மையத்தின் சாதாரண எண்ணுக்கு முதலில் பேசி, சோதனை அழைப்புக்கு நேரம் கேளுங்கள். அவர்கள் சொன்ன நேரத்தில், ஒவ்வொரு வகைப் போனிலிருந்தும் அடித்துப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் சும்மா அடித்துப் பார்க்காதீர்கள். அங்கே இன்னொரு வீட்டில் உயிர் போய்க்கொண்டிருக்கலாம்.

கதை இதோடு முடியவில்லை.

மறுநாள் நானே அந்த ஆபீஸுக்குப் போனேன். பேச்சுவாக்கில் முதலாளி அம்மா சொன்னார், "ஃபேக்ஸ்தான் ரொம்பத் தொல்லைம்மா. பாதி பக்கம் போகும், நின்னுடும். மழைன்னு விட்டுட்டேன்." போனிலும் அவ்வப்போது கரகரவென்று கேட்குமாம்.

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது யார் வீட்டில் உரல் இருக்கிறது, சரி, உங்கள் ஆச்சியைக் கேளுங்கள். தாளம் ஒன்றாக இருக்கிறவரை நெல் குத்துப்படும். ஒருத்தியின் தாளம் மயிரிழை முந்தினாலும் நூறாவது குத்தில் உலக்கையும் உலக்கையும் மோதும். டி-1 லைனும் அப்படித்தான். அந்த முனையில் போன் கம்பெனியின் கடிகாரம், இந்த முனையில் நம் கார்டின் கடிகாரம். நம்முடையது அவர்களுடையதைக் கேட்டு அதன்படி ஓட வேண்டும். தன்பாட்டுக்கு ஓடினால் அவ்வப்போது ஒரு துணுக்குத் தகவல் தொலையும். இதற்குப் பெயர் 'ஸ்லிப்'. பேச்சில் அது ஒரு 'டக்' சத்தம். காது மன்னித்துவிடும். ஃபேக்ஸ் மன்னிக்காது, பாதியில் அறுந்துவிடும்.

ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது என்றால் மழையைத் திட்டாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்!

'ஷோ கன்ட்ரோலர்ஸ் டி-1' என்று கொடுத்தால், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக 24 மணி நேரக் கணக்கையும் பெட்டி கக்கிவிடும். ஸ்லிப் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போகிறதா? கடிகாரத்தை லைனிலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் அது மட்டும் போதாது. பேச்சைக் கையாளும் சிப்புகளும் அதே தாளத்தில் சேர வேண்டும் என்று 'நெட்வொர்க் கிளாக் பார்ட்டிசிபேட்' என்று இன்னொரு வரி கொடுக்க வேண்டும். அந்த வரியும் ஸ்லாட் எண்ணோடுதான் எழுதப்படும். கார்டை இடம் மாற்றினால் அதையும் மாற்ற வேண்டும். நம்ம பையன் மாற்றவில்லை. நான் மாற்றினேன். ஸ்லிப் குறைந்தது.

ஆனால் நிற்கவில்லை.

லைன் அமைப்புகளைப் பார்த்தேன். ஃப்ரேமிங் ஈ.எஸ்.எஃப். சரி. லைன்கோட் பி8இசட்எஸ். சரி. அப்புறம் என்ன? நெட்வொர்க் கேபிளின் முனை ஒன்றை வெட்டி, 1-வது கம்பியை 4-வதோடும், 2-வதை 5-வதோடும் முறுக்கினேன். இதற்குப் பெயர் லூப்பேக் பிளக். செலவு பத்து பைசா. இதைக் கார்டில் செருகினால் கார்டு தன் குரலைத் தானே கேட்கும். இதைச் செருகிப் பார்க்கும்போது மட்டும் கடிகாரத்தை உள்ளுக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இப்படிச் செய்தும் தப்பு ஏறினால் குற்றம் கார்டில். ஏறாவிட்டால் குற்றம் வெளியே, லைனில். எத்தனை பேர் இந்தப் பத்து பைசா சோதனையைச் செய்யாமல் போன் கம்பெனியோடு மூன்று நாள் சண்டை போடுகிறார்கள் தெரியுமா?

தப்பு ஏறியது. கார்டில்தான் கோளாறு.

கையிருப்புக் கார்டை எடுத்து மாற்றினோம். 'ஷோ இன்வென்ட்டரி' கொடுத்தேன். கார்டின் வரிசை எண் வந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மேலே தள்ளிப் போய் பழைய திரையைப் பார்த்தேன்.

இரண்டு கார்டுக்கும் ஒரே வரிசை எண்!

ஒரே கைரேகையோடு இரண்டு பேர் உண்டா? கிடையாது. போலி. இரண்டும் போலி. விற்ற கடையைத் தேடினோம். அந்தப் பெயரில் கடையே இல்லை.

'நமக்கென்ன, நாம் சின்ன ஆள், யார் நமக்கெல்லாம் போலி கார்டு விற்பார்கள்' என்று நினைக்கிறீர்களா? ஹில்கிராஃப்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான் சுகர்லேண்ட். அங்கே இருந்த ஒருவர், ரவுட்டர் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் பெயர் போட்ட போலி ஜிபிக்குகளைச் சீனாவிலிருந்து ஆன்லைனில் வாங்கினார். ஜிபிக் என்றால் சுவிட்சிலும் ரவுட்டரிலும் செருகும் கட்டைவிரல் தடிமன் துண்டு. கேபிளைப் பெட்டியோடு சேர்ப்பது அதுதான். யாருக்கு விற்க வாங்கினார் தெரியுமா? ஈராக்கில் ஃபலூஜாவுக்கு மேற்கே இருந்த அமெரிக்க மரைன் படைத்தளத்துக்கு! படை எங்கே நகர்கிறது என்ற தகவல் போகிற நெட்வொர்க்குக்கு! 2010 மே மாதம் ஹூஸ்டன் நீதிமன்றம் அவருக்கு 51 மாதச் சிறையும், சிஸ்கோவுக்கு 1,19,400 டாலர் இழப்பீடும் விதித்தது. 'ஆபரேஷன் நெட்வொர்க் ரெய்டர்' என்ற பெயரில் நடந்த வேட்டை அது. 30 பேருக்குத் தண்டனை, 700-க்கும் மேற்பட்ட பறிமுதல், மதிப்பு 14 கோடி டாலருக்கும் மேல். அதற்கும் முன்னால், எஃப்.பி.ஐ. பிடித்த போலிச் சரக்கில் ரவுட்டரில் செருகும் கார்டுகளும் உண்டு.

பழைய கதை என்பீர்கள். நியூ ஜெர்சிக்காரர்களே, இது உங்களுக்கு. ஓனூர் அக்சோய் என்பவர் நியூ ஜெர்சியிலும் ஃப்ளோரிடாவிலுமாகக் குறைந்தது 19 கம்பெனி பதிவு செய்து, அமேசானில் சுமார் 15 கடை, ஈபேயில் குறைந்தது 10 கடை போட்டு, சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த பழைய பெட்டிகளுக்குப் புது வேஷம் கட்டி சிஸ்கோ என்று விற்றார். ஒட்டிய லேபிள் போலி, அட்டைப்பெட்டி போலி, உள்ளே மென்பொருள் திருட்டு. 2014 முதல் 2022 வரை சுங்கத் துறை சுமார் 180 சரக்குகளைப் பிடித்தும் வியாபாரம் நின்றபாடில்லை. வாங்கியவர்களில் ஆஸ்பத்திரி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, ராணுவமும் உண்டு. 2024 மே மாதம் ஆறரை வருஷச் சிறை.

ராணுவமே ஏமாந்த இடத்தில் நம் வரிக்கணக்கு ஆபீஸ் எம்மாத்திரம்?

ஹார்வின் தெருவில் கைப்பை வாங்கும்போது தையலை இழுத்துப் பார்க்கிறோம், ஜிப்பை நாலு தடவை போட்டுப் பார்க்கிறோம், விலையைப் பாதியாக அடிக்கிறோம். முந்நூறு பேருடைய சோஷியல் செக்யூரிட்டி எண் போய்வருகிற கார்டை மட்டும் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். இது என்ன நியாயம்?

சரி, எதையெல்லாம் கண்டால் உஷாராக வேண்டும்?

விலை. நம்பகமான விற்பனையாளர் சொல்வதில் கால்வாசிக்குப் 'புதிது' கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள். பழையது, பயன்படுத்தியது என்று சொல்லி விற்பவர் பரவாயில்லை, உண்மையாவது சொல்கிறார். உதாரணத்துக்கு, சிஸ்கோவின் 2900 வரிசை ரவுட்டர்களின் விற்பனை 2017 டிசம்பரில் முடிந்தது, 2022 முடிவோடு ஆதரவும் முடிந்தது. அதில் ஒன்றை இன்றைக்கு ஒருவர் 'சீல் உடைக்காத புதுச் சரக்கு' என்றால் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், "எந்தக் குடோன்ல இத்தன வருஷம் தூங்குச்சு?"

ஸ்டிக்கரில் ஒரு எண், 'ஷோ இன்வென்ட்டரி'யில் வேறு எண். போலி. இரண்டு கார்டுக்கு ஒரே எண். சந்தேகமே வேண்டாம். கார்டு வந்த அன்றே, பணம் திரும்ப வாங்கும் நாள் தாண்டுவதற்குள், இதைப் பாருங்கள். நம்ம பையன் பார்த்திருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும்.

மென்பொருளைப் புதுப்பித்ததும் பெட்டி மயங்கி விழுகிறதா? 2020-ல் எஃப்-செக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனம் இரண்டு போலி சுவிட்சுகளைப் பிரித்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவை மாட்டிக்கொண்டதே அப்படித்தான். ஒரு அலுவலகத்தில் அப்டேட் போட்டார்கள், இரண்டும் வேலை நிறுத்தின. அதுவரை எல்லாமே ஒழுங்காகத்தான் ஓடியிருக்கின்றன. நல்லவேளை, உளவு பார்க்கும் வாசல் எதுவும் உள்ளே இல்லை என்றார்கள். அடுத்ததில் இருக்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

இந்த பயத்தில் அப்டேட்டே போடாமல் இருப்பவர்கள் இன்னும் பெரிய குழியில் இருக்கிறார்கள், அது வேறு பேச்சு.

"இந்த உதிரியை நான் ஏற்கமாட்டேன்" என்று பெட்டியே சொல்லும். சில பையன்கள் ஒரு ரகசியக் கட்டளை போட்டு அதன் வாயை மூடிவிடுவார்கள். ஜிபிக் மாதிரியே செருகும் எஸ்.எஃப்.பி. துண்டுகளை வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில் செய்து விற்பதும் உண்டு, அவை போலி ஆகா, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் மேலே சிஸ்கோ என்று அச்சடித்திருக்கிற ஒன்றை அதே கம்பெனியின் பெட்டி ஏற்க மறுத்தால்? பிள்ளையைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்றால் அது யார் பிள்ளை?

"கரண்டை நிறுத்த வேண்டாம், அப்படியே உருவலாம்." இப்படி யாராவது சொன்னால் கையைப் பிடித்துத் தடுங்கள்! பெரிய பெட்டிகளில் கட்டளை கொடுத்து நிறுத்திவிட்டு உருவ வழி உண்டு. சின்ன ஆபீஸ்களில் இருக்கிற 1800, 1900, 2800, 2900 வரிசைகளின் சிறு கார்டுகளைக் கரண்டை நிறுத்தாமல் தொடவே கூடாது. சின்ன வயதில் நானும் வீரம் காட்டினேன். கார்டு பாதி வெளியே வந்தபோது பெட்டி மொத்தமும் அணைந்தது. திரும்ப எழுந்தபோது அந்த ஸ்லாட் எழவில்லை. அன்றிலிருந்து பவர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஸ்க்ரூவில் கை வைக்கிறேன். செருகும்போது சாய்த்துத் தள்ளாதீர்கள், உள்ளே பின் வளைந்துவிடும். காலி ஸ்லாட்டைத் திறந்து போடாதீர்கள். மூடித் தகடு அழகுக்கு வைத்ததில்லை, காற்று போக வேண்டிய வழியில் போக வைத்தது.

இன்னொன்று. இதுதான் எனக்குத் தூக்கம் கெடுப்பது. போலி இல்லாத, அசல் பெட்டியும் காலை வாரும். 2017 பிப்ரவரியில் சிஸ்கோவே அறிவித்தது: சில பெட்டிகளுக்குள் இருக்கும் கடிகார சிக்னல் பாகம் ஒன்று, ஓடத் தொடங்கி சுமார் 18 மாதத்துக்குப் பிறகு செயலிழக்கலாம். செயலிழந்தால் பெட்டி நின்றுவிடும், திரும்ப எழாது, பழுதுபார்க்கவும் முடியாது. அந்தப் பட்டியலில் சின்ன ஆபீஸ்களில் பரவலாக இருக்கிற ஐ.எஸ்.ஆர். 4321, 4331, 4351 மூன்றும் உண்டு. உத்தரவாதம் இருந்தவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றாமல் விட்ட பெட்டிகள் எங்கே போயிருக்கும்? பழைய சாமான் சந்தைக்கு வந்திருக்கும். புதுக் கார்டு போடுவதற்காக அப்படி ஒரு பெட்டியை நீங்கள் அணைப்பீர்கள். அது திரும்ப எழாது. பழி உங்கள் கார்டின் மேல் விழும். பழைய 4331 வாங்குகிறீர்களா? வரிசை எண்ணையும் பதிப்பு எண்ணையும் வைத்து, இது பாதிக்கப்பட்ட ரகமா என்று முதலில் பாருங்கள். சான் ஹோசேயில், அந்தக் கம்பெனி வாசலிலேயே நம்மவர் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். தெரிந்தவர் இருந்தால் கேளுங்கள். கோயிலில் பார்க்கும்போது பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டுமா கேட்பது?

பழைய பெட்டியை விற்கப் போகிறவர்களும் காதைக் கொடுங்கள். 2023-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் சந்தையில் 18 பழைய ரவுட்டர்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தது. சரிபாதியில் முந்தைய முதலாளியின் உள்விவரம் அப்படியே இருந்ததாம். வி.பி.என். சாவி, கடவுச்சொல், வாடிக்கையாளர் தகவல், எல்லாம். கார்டைக் கழற்றினால் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். விவரம் கார்டில் இருக்காது, பெட்டிக்குள் இருக்கும். துடைக்காமல் கொடுப்பது வீட்டை விற்கும்போது பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி.

அப்புறம் புயல். ஜூன் முதல் நவம்பர் வரை நமக்கு அந்தச் சனியன் உண்டு. 2024 ஜூலை 8-ஆம் தேதி பெரில் வந்தபோது ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. கரண்ட் திரும்பிய நாளில் எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே புலம்பல்: "எல்லாம் நல்லாத்தான் ஓடிட்டிருந்துது, இப்ப பழையபடி ஆயிடுச்சு." ஆகத்தான் செய்யும். நாம் அடிக்கிற வரிகள் முதலில் பெட்டியின் தற்காலிக ஞாபகத்தில்தான் இருக்கும். 'ரைட் மெமரி' என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் நிரந்தரமாக எழுதும். கொடுக்காமல் போனவன் ஆறு மாதம் கெட்டிக்காரன். கரண்ட் போன மறுநிமிஷம் பெட்டி ஆறு மாதத்துக்கு முந்தைய பெட்டி.

நம்ம பையனின் ஆபீஸுக்கு ஒழுங்கான கடையில் வாங்கிய கார்டு வந்தது. கரண்டை நிறுத்தினோம், செருகினோம், டி-1 என்று கொடுத்தோம், வரிசை எண்ணைச் சரிபார்த்தோம், ஒரு நாள் முழுக்க 96 கட்டத்திலும் ஸ்லிப் பூஜ்யம் என்று பார்த்தோம். 911 சோதனைக்கு நேரம் வாங்கி, வரவேற்புப் பெண்ணையே கூப்பிட்டு அடிக்கச் சொன்னோம். அந்தப் பக்கம் குரல் கேட்டதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, கார்டின் எண், ஸ்லாட் எண், '911 பார்த்தாயிற்று' என்று எழுதி ஒட்டினோம். வரி ஆபீஸ் ஆயிற்றே, ஒட்டுவதற்கு டேப்புக்குப் பஞ்சமில்லை.

காரில் ஏறிய பிறகு பையனிடம் கேட்டேன், "ரைட் மெமரி கொடுத்தியாடா?"

கதவைத் திறந்துகொண்டு திரும்ப உள்ளே ஓடினான்.